யூ கோட் (மாட்யூல்கள் ஒண்ணுக்கொண்ணு பேசலன்னு ஸ்கேனர் காட்டுற ஃபால்ட் கோட்) வந்தா உடனே மாட்யூல, அதாவது வண்டியோட எலக்ட்ரானிக் கண்ட்ரோல் பாக்ஸ மாத்தாதீங்க

தொப்பூர் கணவாய் ஏறி வந்த கார், டேஷ்போர்டுல எல்லா லைட்டும் எரியுது, ஸ்கேனர் போட்டா பாதி மாட்யூல் பேசவே மாட்டேங்குது, ஏற்கனவே ஒரு இடத்துல ஏபிஎஸ் மாட்யூல் போச்சுன்னு சொல்லிட்டாங்களாம். நான் பேட்டரி நெகட்டிவ கழட்டி அஞ்சு நிமிஷம் விட்டுட்டு, ஓபிடி சாக்கெட்டுல (ஸ்கேனர் மாட்டுற இடம்) 6-ஆம் பின்னுக்கும் 14-ஆம் பின்னுக்கும், அதாவது மாட்யூல்கள் பேசிக்கிற ரெண்டு கேன் ஒயருக்கும் நடுவுல மல்டிமீட்டர் வெச்சேன். 60 ஓம் பக்கம் வந்தா சரி, 120 காட்டுனா ஒரு டெர்மினேஷன் ரெசிஸ்டர் (லைனோட ரெண்டு முனைலயும் இருக்குற 120 ஓம் ரெசிஸ்டர்) பக்கம் லைன் கட், 0 கிட்ட வந்தா ரெண்டு கேன் ஒயரும் ஒட்டிக்கிச்சு. இதுல 0.3. ஒவ்வொரு மாட்யூல் கப்ளரா (ஒயர் கனெக்டர்) புடுங்கிட்டே மீட்டர பாத்தேன், அசையவே இல்ல, கடைசில பின் சீட்டுக்கு அடியில எலி கடிச்ச ஒயர்! மாந்தோப்புல நிறுத்துற வண்டின்னா எலியத்தான் மொதல்ல சந்தேகப்படணும். கேட்வே (ஓபிடிக்கும் உள்ள இருக்குற லைனுக்கும் நடுவுல நிக்குற மாட்யூல்) இருக்குற வண்டில மட்டும் ஓபிடில அளந்தா உள்ள இருக்குற லைன் தெரியாது, கேட்வேக்கு அந்தப்பக்கம் அளங்க.