கார்டன் ஈல் வளர்க்க ஆசையா? முதலில் மணலைப் பாருங்கள்

கார்டன் ஈல் என்பது மணலுக்குள் வாலை நட்டுக்கொண்டு கூட்டமாகத் தலையாட்டி நிற்கும் கடல் விலாங்கு. நாற்பது சென்டிமீட்டர் வரை வளரும், ஆனால் தடிமன் சுண்டுவிரல் அளவுதான். கடைகளில் அதிகம் வருவது புள்ளி போட்ட ஜாதி.

தொட்டிக்குள் குறைந்தது 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் வேண்டும். எங்கள் களியக்காவிளையில் இருந்து வண்டியை எடுத்தால் கொல்லங்கோடு கடற்கரை பக்கம்தான், இரண்டு சாக்கு அள்ளிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். வேண்டாம். மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்துப் பிரிக்கிறார்களே இல்மனைட், மோனசைட் என்ற தாதுக்கள், அதெல்லாம் கலந்த கருமணல் நம் கடற்கரை மணல். மோனசைட்டில் கதிர்வீச்சு உள்ள தோரியமே இருக்கிறது. சீனி மாதிரிப் பொடியான, அரகோனைட் என்கிற சுண்ணாம்பு வகை மணலைக் காசு கொடுத்தே வாங்குங்கள். அம்மா மூட்டையைப் பார்த்து, "மக்களே, மண்ணையா காசு குடுத்து வாங்கிட்டு வந்த?" என்று கேட்டது வேறு கதை.

மீனை விட்டதும் விளக்கை அணைத்துவிடுங்கள். வால் நுனி கெட்டியாக இருக்கும், அதை வைத்துக் குடைந்து பின்பக்கமாகவே இறங்கும், வாலில் சுரக்கிற கொழகொழப்பு வளைச் சுவரில் மணலைப் பிடித்து நிறுத்தும். ஒன்றிரண்டாக விட்டால் மிரண்டு உள்ளேயே கிடக்கும், ஐந்தாறாவது சேர்த்து விடுங்கள். மணலைக் கிளறும் மீன் எதுவும் கூட வேண்டாம்.

தீனிதான் பெரிய வேலை. இது இரையைத் துரத்தாது, அடியில் விழுந்ததையும் பொறுக்காது. நீரோட்டத்துக்கு எதிராகத் திரும்பி நின்று, கண்ணெதிரே மிதந்து வருவதை மட்டும் கொத்தும். அதனால் மோட்டாரை ஒரே பக்கமாக மெதுவாக ஓடவிட்டு, ஆர்டீமியா என்கிற பொடி உப்புநீர் இறாலின் குஞ்சுகளை அந்த ஓட்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. வேலைக்குப் போகிற ஆள் என்றால் வீட்டில் யாராவது ஒருவரைப் பழக்கி வையுங்கள்.

அப்புறம் மூடி. வயர் நுழைய நான் விட்டிருந்த இடைவெளி வழியாக ஒன்று குதித்து, காலையில் தரையில் காய்ந்து கிடந்தது. வலை போட்டு முழுசாக அடையுங்கள்.

தொட்டியை ஆள் புழங்காத அறையில் ஒதுக்காதீர்கள். 2020 ஊரடங்கில் டோக்கியோ சுமிதா மீன் காட்சியகத்தின் ஈல்கள் மனிதர்களையே மறந்து, பணியாளர் வந்தாலும் ஒளிந்துகொள்ள, மக்களை வீடியோ அழைப்பில் முகம் காட்டச் சொன்னார்கள். நம் வீட்டில் கூடத்தில் வைத்தாலே போதும், கண்ணாடியைத் தட்டாமல் பார்த்துக்கொண்டால் சரி.