கிருமியின் பெயரை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழையாறு கடலோடு சேரும் மணக்குடிப் பொழியைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தாலே ஒரு கேள்வி எழும்: “அந்தத் தண்ணியில காலரா கிருமி இருக்குமா சார்?” உப்புநீரும் நன்னீரும் கலக்கும் இந்த மாதிரி இடங்கள்தான் விப்ரியோ காலரே கிருமிக்குச் சொந்த ஊர். ஆனால் பெயரைக் கேட்டதுமே பயப்படுவது தவறு. இயற்கை நீரில் வாழும் விப்ரியோக்களில் பெரும்பாலானவற்றிடம் காலரா நச்சு கிடையாது. அதற்காக அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நச்சில்லாத வகைகளாலும் வயிற்றுப்போக்கு வரும்.

அந்த நச்சுக்கான மரபணு கிருமியின் பூர்வீகச் சொத்தே அல்ல. பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸான ஃபேஜ் கொண்டுவந்து சேர்த்தது. வால்டோர், மெக்கலானோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் இதைக் காட்டினார்கள். குடலில் குடியேற விப்ரியோவுக்கு உதவும் மெல்லிய இழையைப் பிடித்துத்தான் ஃபேஜ் உள்ளே போகிறது. போனபின் கிருமியைக் கொல்வதில்லை. அதன் டிஎன்ஏவோடு சேர்ந்துகொள்கிறது. அப்புறம் கிருமி பெருகப் பெருக நச்சு மரபணுவும் கூடவே பெருகும். வாந்திபேதியில் கழுநீர் போல மணிக்கு ஒரு லிட்டர் வரைகூடப் போவது இந்த நச்சால்தான். வைரஸ் என்றதும் ஃபேஜ் நம்மையும் தொற்றுமோ என்று கலங்க வேண்டாம், மனித செல்லுக்குள் அது பெருகாது.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது மாத்திரை விஷயம். பேரனுக்கு ரத்தம் கலந்து வயிற்றுப்போக்கு போனபோது, பக்கத்து வீட்டு அக்கா எவர்சில்வர் டப்பாவிலிருந்து பழைய சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் அட்டையை எடுத்துவந்தார். “மக்களே, நாலு மாத்திரை மிச்சம் இருக்கு, ஒண்ணு குடுத்திரட்டா?” வேண்டவே வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள் என்றேன். ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் சில வகைகளில், ஷிகா என்னும் நச்சின் மரபணு, உறங்கிக் கிடக்கும் ஃபேஜுக்குள் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் போல, கிருமியின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தும் மருந்து பட்டால் ஃபேஜ் விழித்துக்கொள்ளும். நச்சு அதிகமாக உண்டாகி, கிருமி வெடிக்கும்போது வெளியே கொட்டும். அது சிறுநீரகத்தைத் தாக்கலாம். ரத்தபேதிக்கு எப்போதும் ஆன்டிபயாடிக் கூடாது என்றும் இல்லை. ஷிகெல்லா கிருமிக்கு அது தேவைப்படும். எது என்று பரிசோதனைதான் சொல்லும். பேதியைக் கட்டும் மாத்திரையையும் தொடாதீர்கள்.

2011இல் ஜெர்மனியில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்ததும் இப்படி ஷிகா ஃபேஜைப் பெற்ற ஓர் ஈ.கோலைதான். வந்த வழி, முளைகட்டிய வெந்தயம்.

தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா விஷயத்தில் தவறு வேறு மாதிரி. டிப்தீரியா கிருமிக்கும் நச்சு மரபணு ஃபேஜ் தந்ததே. ஃபேஜ் தொற்றினால் சாதுவான கிருமியும் நச்சு சுரக்கும் என்று 1951இல் ஃப்ரீமேன் கண்டுபிடித்தார். தடுப்பூசி குறிவைப்பது கிருமியை அல்ல, அந்த நச்சை. அதன் பாதுகாப்பு காலப்போக்கில் குறையும். அதனால், “சின்ன வயசிலேயே போட்டாச்சே” என்று 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டெட்டனஸ்-டிப்தீரியா (Td) ஊசியை விட்டுவிடாதீர்கள். நோய் வந்து குணமான பிள்ளைக்கும் ஊசி உண்டு. வந்துபோன நோயே போதுமான எதிர்ப்புச் சக்தியைத் தந்துவிடும் என்று நம்ப முடியாது.