பழைய 'மேட்' இதழின் மடிப்புப் படத்தைக் கெடுக்காமல் பார்ப்பது எப்படி?

சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிவதற்கு முன் அப்பா அங்கே வாங்கிவந்த, 'மேட்' (MAD) என்ற அமெரிக்க நகைச்சுவை இதழின் பிரதிகளில் பதினொன்று இன்னும் என்னிடம் இருக்கின்றன. எல்லாமே அமெரிக்காவில் அச்சானவை என்றுதான் வெகுகாலம் நம்பியிருந்தேன். அவற்றில் ஒன்பது பிரிட்டிஷ் பதிப்பு.

பழைய பிரதி தேடுகிறவர்கள் முதலில் அட்டையில் விலையைப் பாருங்கள். சென்ட் என்றால் அமெரிக்கப் பதிப்பு. ஷில்லிங், பென்ஸ் என்றால் பிரிட்டிஷ். 1959 முதல் 1994 வரை வந்த அந்தப் பதிப்புக்கு இதழ் எண்ணும் தனி. அந்த எண்ணை அமெரிக்கப் பட்டியலில் தேடினால் வேறு அட்டைதான் கிடைக்கும். உள்ளே பெரும்பாலும் அதே படங்கள். எழுத்துக்கூட்டலும் சில பெயர்களும் மட்டும் அந்த ஊர் வாசகருக்காக மாறியிருக்கும்.

அடுத்து, பின்னட்டையின் உட்பக்கம். ஓவியர் ஆல் ஜாஃபி 1964இல் தொடங்கிய மடிப்புப் படம் அங்கேதான் இருக்கும். பக்கம் நிறைய ஒரு படம், மேலே ஒரு கேள்வி. நடுப்பகுதியை மறைத்து 'பி' குறியை 'ஏ' குறியோடு சேர்த்தால் புதிய படம் ஒன்று எழும். கீழே உள்ள வரிகளும் சுருங்கி விடையாகிவிடும். ஜாஃபி தடித்த அட்டையில் வரைந்ததால், அச்சாகி வரும்வரை அவராலேயே மடித்துப் பார்க்க முடியாதாம். அந்த மனக்கணக்கை நினைத்தால் இன்றும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

பழைய பிரதியை மட்டும் மடிக்காதீர்கள். அட்டை மடிப்பிலேயே வெடிக்கும். பக்கத்தை முழுக்க விரித்து அழுத்தவும் வேண்டாம். இதழைத் தைத்திருக்கும் துருப்பிடித்த கம்பிப் பின்கள் தாளைக் கிழித்துவிடும். பாதி திறந்த நிலையில், நேர் மேலிருந்து செல்பேசியில் படமெடுத்து, அதே அளவில் அச்சிடுங்கள். 'பி' கோட்டில் மடிப்பை நகத்தால் அழுத்தி, அந்த விளிம்பை 'ஏ'வுக்கு நகர்த்துங்கள். ஒரு நூல் விலகினாலும் முகம் கோணிவிடும்.

என்னிடமுள்ள ஒரு பிரதியில், மடிப்பின் மேல் யாரோ நகத்தால் இழுத்த தடம் பளபளவென்று இருக்கிறது. அப்பாவாக இருக்காது, அவர் மடிக்காமல் வளைத்து மட்டுமே பார்ப்பார். முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர் விடையைக் கண்டு சிரித்திருக்கிறார். மடிப்பு விழுந்த பிரதி என்று கடைக்காரர் விலை குறைத்தால் நான் உடனே வாங்கிவிடுவேன்.

லேமினேஷன் வேண்டாம், செலோ டேப்பும் வேண்டாம். வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் படுக்கவைத்தால் போதும்.

நகலை மகளிடம் கொடுக்கும்போது கேள்வியை மட்டும் வாசித்துக் காட்டுவேன். மடிப்பது அவள் வேலை.