தோட்டத்துப் பழைய படங்களும் தாள்களும்: ஊர் வரலாற்றுக் குழுவுக்கான செய்முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு ரப்பர் தோட்டப் பட்டணத்தில் ஊர் வரலாற்றைச் சேர்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ரப்பர் பால் வாளி, மரம் சீவும் உளி, பால் பிடிக்கும் மங்கு என்று பொருள்களைத் தேடித்தான் முதலில் போகிறார்கள். அவை அடுத்த ஆண்டும் கிடைக்கும். கிடைக்காமல் போவது பெயர்கள். 1960-இல் எடுத்த பள்ளிக்கூடப் படத்தில் பின்வரிசையில் நிற்கும் பையன் யார் என்று சொல்லக்கூடியவருக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்து, லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்த இடத்தில் தாமான் (புதிய குடியிருப்பு) எழும்பி, ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். ஆகவே முதலில் படமும் பெயரும், அடுத்து தாள்கள், வாளியும் உளியும் கடைசியில்.

தனிச் சங்கமாகப் பதிய, சங்கங்கள் சட்டம் 1966-இன் கீழ் குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஏற்கெனவே பதிவுள்ள ஆலய நிர்வாகம் அல்லது தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்தின் துணைக்குழுவாகத் தொடங்கிவிடலாம். ஆனால் சேகரிப்பு யாருக்குச் சொந்தம், குழு கலைந்தால் எங்கே போகும் என்பதை அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நிர்வாகம் மாறும்போது அலமாரிச் சாவியும் கை மாறும். சண்டை அங்கேதான் பிறக்கும்.

வாங்குவதும் திருப்பிக் கொடுப்பதும்

மூலப்படத்தைத் தானமாகக் கேட்காதீர்கள். இரவல் கேளுங்கள். என்ன பொருள், எத்தனை, எந்த நிலையில், எப்போது திரும்பும், வெளியில் காட்டலாமா என்ற ஐந்தையும் எழுதி இரண்டு பிரதி ரசீது போட்டு, ஒன்றை வீட்டாரிடம் கொடுங்கள். இரண்டு வாரத்துக்குள் திருப்பிவிட வேண்டும். ஒரு பாட்டியின் கல்யாணப் படம் மூன்று மாதம் வராமல் இருந்தால், அந்தச் செய்தி தோட்டத்தின் எல்லா டிவிஷனுக்கும் (பிரிவுக்கும்) எட்டிவிடும். பிறகு யாரும் பெட்டியைத் திறக்க மாட்டார்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். 2025-014-003 என்றால் 2025-ஆம் ஆண்டு, 14-ஆவது குடும்பம், 3-ஆவது பொருள். படத்தின் பின்பக்க ஓரத்தில் 2பி பென்சிலால் மெதுவாக எழுதலாம். வழுவழுப்பான வண்ணப்படத்தின் முதுகில் பென்சில் பிடிக்காது. அதற்கு உறைமேல் எழுதினால் போதும். பேனா வேண்டவே வேண்டாம். மை ஊறி முகத்தில் தெரியும்.

எழுபது, எண்பதுகளில் எல்லா வீட்டிலும் வாங்கிய ஒட்டும் ஆல்பம்தான் பெரிய தலைவலி. அதன் பசை நாளாக மஞ்சளாகிப் படத்தைக் கவ்விக்கொள்கிறது. பிய்த்தால் படத்தின் முதுகு பக்கத்தோடு போய்விடும். முதலில் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். எது எதன் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு தகவல். பிறகு மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்தின் மூலையில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டே போங்கள். பாதியில் நின்றால் விட்டுவிடுங்கள். முடி உலர்த்தியால் சூடு காட்டச் சொல்பவர்கள் உண்டு. நமக்கு அந்தப் பழக்கமே வேண்டாம்.

பழைய செலோடேப்பை உரிக்காதீர்கள். புதிதாக ஒட்டவும் வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், சிவப்பு ஐசி (அடையாள அட்டை), தொழிற்சங்க அட்டை போன்றவற்றை 'பத்திரமாக இருக்கட்டும்' என்று லேமினேட் செய்வதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் சேதம். சூட்டில் பசை தாளுக்குள் இறங்கிவிடும், திரும்ப எடுக்க வழியில்லை.

ஸ்கேன் அளவு: தாளுக்கு 300 டிபிஐ, படத்துக்கு 600, பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200, நெகட்டிவுக்கு 2400. மூலக்கோப்பு டிஃப் (TIFF) வடிவில். பகிர்வதற்கு மட்டும் ஜேபெக். படத்தின் முதுகில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். கிராணியின் (தோட்டக் கணக்கரின்) செக்ரோல் (ஆள் வருகைப் பதிவேடு) போன்ற கனத்த புத்தகங்களை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும். மேலிருந்து கேமராவால் எடுங்கள். இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்தால் நிழல் விழாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்தால் முழு அளவில் போகும்.

பெயர் கேட்கும் நாள்

குழுப்படத்தை ஏ3 அளவில் அச்சிட்டு, மேலே டிரேசிங் தாள் வைத்து, ஒவ்வொரு முகத்தையும் வட்டமிட்டு எண் போடுங்கள். இரண்டு மூன்று பெரியவர்களை ஒன்றாக உட்கார வையுங்கள். ஒருவருக்குத் தோன்றாதது மற்றவருக்குத் தோன்றும். ஐந்து பேருக்கு மேல் போனால் குரல் ஓங்கியவரின் பதிலே பதிவாகும். யார் யாரை அடையாளம் சொன்னார் என்பதையும் தேதியோடு குறியுங்கள். இருவர் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். தீர்ப்புச் சொல்வது உங்கள் வேலையல்ல.

ஆண்டைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. 'அண்ணே, இது வேலி போட்டதற்கு முன்னாலயா, பின்னாலயா?' என்று கேளுங்கள். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று துரைமார்கள் (வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள்) சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் கம்யூனிஸ்டு கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் வந்தது. அது 1960 வரை நீடித்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி தெரிந்தால் பெரும்பாலும் அந்தக் காலம். தாளில் மலேசியா என்று அச்சிட்டிருந்தால் 1963 செப்டம்பர் 16-க்குப் பின். கடைப் பலகையும் உதவும்: 'சியாரிக்காட்' (நிறுவனம்) என்ற மலாய்ச் சொல்லில் 'எஸ்' எழுத்தை அடுத்து 'வை' இருந்தால், 1972 ஆகஸ்டில் மலாய் எழுத்துமுறை மாறியதற்குப் பிந்திய படம். பழைய முறைப்படி அங்கே 'எச்' இருந்தால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய பலகையை யாரும் உடனே கழற்றுவதில்லை.

பேச்சைப் பதிவு செய்யும்போது இரண்டு கைப்பேசிகளை விமானப் பயன்முறையில் வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். 'அந்தக் காலத்து வாழ்க்கை எப்படி இருந்தது?' என்றால் 'கஷ்டம்தான்' என்று ஒரே சொல்லில் முடியும். 'பாட்டி, பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) மணி அடிக்கும்போது இருட்டா, வெளிச்சமா? கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுட்டு எந்தப் பக்கமா காட்டுக்குப் போவீங்க? பால் நிறுக்கும்போது கிராணி எங்க நிப்பாரு?' இப்படிக் கேட்டால் கதை தானாக வரும். ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து லயம், கிணறு, கோயில், பால் ஸ்டோர், கள்ளுக்கடை எல்லாவற்றையும் வரையச் சொல்லுங்கள். கோடு கோணலாக இருக்கட்டும், திருத்த வேண்டாம்.

வைத்துக் காப்பது

நம் வெக்கையில் எதிரி பூஞ்சணம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் அது பிடிக்கத் தொடங்கும். ஆகவே தகரக் கூரைக்கு அடியிலும் வெளிச்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். கோயில் சாமான் அறை வசதியாகத் தெரியும். ஆனால் கற்பூரப் புகையும் எண்ணெயும் படங்களில் படியும். முக்கோணக் குறிக்குள் 5 என்று போட்ட மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி நல்லது. 3 என்றால் பிவிசி, அது வேண்டாம். 30 லிட்டர் பெட்டிக்கு அரை கிலோ சிலிக்கா ஜெல் போட்டு, உள்ளே ஒரு சிறிய ஈரமானி வையுங்கள். 35-க்குக் கீழே இறங்கினால் படம் சுருளும், ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள். நிறம் மாறிய ஜெல்லை ஓவனில் 120 பாகையில் 2–3 மணி நேரம் வைத்தால் மீண்டும் பயன்படும். பெட்டி தரையிலிருந்து 15 சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்கட்டும். வெள்ளத்துக்கும் கரையானுக்கும் அதுதான் முதல் தடுப்பு.

புளிக்காடி வாடை அடிக்கும் நெகட்டிவை உடனே தனியே பிரித்து வையுங்கள். அதிலிருந்து வரும் அமில வாயு பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். அதை ஸ்கேன் செய்வதுதான் அன்றைய முதல் வேலை.

பூச்சி அரித்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் −20 பாகையில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் தாளில் நீர் கோக்கும்.

கோப்புகள் மூன்று பிரதி: இரண்டு தனித்தனி வன்தட்டிலும், ஒன்று வெளியூரில் அல்லது இணையக் கிடங்கிலும். பென்டிரைவ் எடுத்துப்போக மட்டும். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து பாருங்கள்.

ஊருக்குக் காட்டுவது

ஆலயத் திருவிழாவுக்குத்தான் வெளியூர் போனவர்கள் எல்லாம் திரும்பி வருகிறார்கள். கண்காட்சிக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. பிரதிகளை மட்டும் மாட்டுங்கள். ஒவ்வொன்றின் கீழும் வெற்றுத்தாளும் நூலில் கட்டிய பென்சிலும் இருந்தால், வெறுமனே பார்த்துப் போகிறவர்களும் பெயர் எழுதுவார்கள்.

மாட்டும் முன் எதைக் காட்டலாம் என்று ஒருமுறை சலித்துப் பார்க்க வேண்டும். பள்ளிப் பதிவேட்டில் சாதிப் பத்தி இருக்கும். கடைக்கணக்கில் யார் எவ்வளவு கடன் என்று இருக்கும். அட்டைகளில் ஐசி எண் இருக்கும். பிரதியில் அவற்றை மறையுங்கள், மூலத்தில் கை வைக்காதீர்கள். குடும்பத்தார் யாராவது ஒரு படத்தை எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் அன்றே எடுத்துவிட்டு, ரசீதிலும் அதைக் குறித்து வையுங்கள்.