செபிலோக் ஒராங்குட்டான் மையத்துக்குப் போறவங்க இதப் படிச்சிட்டுப் போங்க

மலேசியாவோட சபா மாநிலம், சண்டாக்கான் டவுன்ல இருந்து 25 கிலோமீட்டர் வாக்குல இருக்கு செபிலோக். 1964லயே ஆரம்பிச்ச ஒராங்குட்டான் மறுவாழ்வு மையம், சுத்தி 4,000 ஹெக்டேருக்கு மேல மழைக்காடு. இங்க வர்ற குட்டிங்க பெரும்பாலும் தாயை இழந்ததுங்க, காட்ட அழிச்சு செம்பனை (எண்ணெய்ப் பனை) போட்டப்ப தனியா மாட்டுனது, யாரோ வீட்ல கூண்டுல வச்சு வளர்த்தது இப்படி. ஆறேழு வருஷம் அம்மா கூடவே இருந்து எந்தப் பழத்த தின்னலாம், மரத்து மேல கூடு எப்படி கட்டணும்னு கத்துக்க வேண்டிய ஜீவன், அதையெல்லாம் இங்க மனுஷங்க சொல்லிக்கொடுத்து திரும்ப காட்டுக்கு அனுப்புறாங்க. அதனால ஜூவுக்குப் போற மாதிரி கிளம்பாதீங்க.

கோலாலம்பூர்ல இருந்து சண்டாக்கானுக்கு நேரா ஃப்ளைட் இருக்கு. சபாவுக்குன்னு தனி இமிகிரேஷன், பாஸ்போர்ட்ட மறுபடி காட்டணும், தீபகற்பத்துல இருந்து வர்ற நம்ம மலேசியாக்காரங்களும் ஐசி (அடையாள அட்டை) இல்லாம போயிடாதீங்க. டவுன்ல தங்குறத விட செபிலோக்லயே ஒரு லாட்ஜ் எடுத்துட்டா காலைல நடந்தே போயிடலாம்.

சாப்பாடு வைக்கிறது காலைல 10 மணிக்கு, மதியம் 3 மணிக்கு. 10 மணிக்குன்னா 9 மணிக்கே போயிடுங்க, சாப்பாடு வைக்கிற மேடைக்கு எதிர்ல நிக்க நல்ல இடம் வேணும்ல. கேமராவுக்கு தனி டிக்கெட். பை, தின்பண்டம், கொசு மருந்து எல்லாத்தயும் லாக்கர்ல வச்சிடணும், ஏன்னா ஒராங்குட்டான் பைய புடுங்கிட்டுப் போய் உள்ள இருக்கறத வாயில வச்சிடும், அந்த மருந்து அதுக்கு விஷம். முழுக்கை சட்டை, பேன்ட் போட்டுக்கங்க, கொசுவுக்கு அது போதும்.

இத மட்டும் கெஞ்சிக் கேக்கறேன், சளி காய்ச்சல் இருந்தா தயவுசெஞ்சு போகாதீங்க. நம்ம டிஎன்ஏவும் அதோடதும் கிட்டத்தட்ட 97 சதவீதம் ஒண்ணு, நமக்கு வர்ற ஃப்ளூ, டிபி எல்லாம் அதுக்கும் தொத்தும். ஏற்கனவே அழிவோட விளிம்புல இருக்கிற இனம், ஒரு தாய் ஏழெட்டு வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும், ஒண்ணு போனாலும் பெரிய இழப்பு.

அங்க நின்னு மரத்தப் பாக்காதீங்க, மேடைக்கு வர்ற கயித்தப் பாருங்க. முதல்ல கயிறு லேசா ஆடும், அப்புறம் இலைக்கு நடுவுல ஒரு செம்பட்டை முடிக் கை நீளும், வந்து வாயில ஒரு வாழைப்பழம், கால் விரல்ல ஒண்ணு இடுக்கிக்கிட்டு அது பாட்டுக்கு மேல ஏறிப் போயிடும். மிச்சத்துக்கு குரங்குக் கூட்டம் இறங்கும். தினமும் ஒரே மாதிரி சாப்பாடுதான், வேணும்னேதான் அப்படி வைக்கறாங்க, சலிச்சுப் போய் காட்டுக்குள்ள தானே தேடித் திங்கணும்னு. பழ சீசன்ல ஒண்ணு கூட வராம போகலாம். காசு வேஸ்ட்னு முகம் சுளிக்காதீங்க, அது சொந்தமா பொழச்சுக்குதுன்னு அர்த்தம், எனக்கு அதுதான் ரொம்ப சந்தோஷம். சின்னதுங்க கயித்துல தொங்கிப் பழகறத கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து நர்சரில பாக்கலாம்.

அடுத்த கேட்லயே சூரியக் கரடி மையம், 2008ல வொங் சியூ தேங்கற வனவிலங்கு ஆராய்ச்சியாளர் ஆரம்பிச்சது. உலகத்துலயே சின்னக் கரடி, பித்தநீருக்காக வேட்டையாடுறாங்க. நாக்கு 20 சென்டிமீட்டருக்கு மேல நீளும், மரப் பொந்துல இருக்கிற தேன நக்கி எடுக்கும், நெஞ்சுல இருக்கிற மஞ்சப் பட்டை ஒவ்வொண்ணுக்கும் வேற வேற. பலபேர் இத விட்டுட்டுப் போறாங்க, ப்ளீஸ் விட்டுடாதீங்க.

கூட ரெண்டு நாள் இருந்தா சுக்காவ் கிராமத்துக்குப் போங்க, கினாபத்தாங்கான் ஆத்துல படகுல போனா யாரும் சோறு வைக்காத காட்டு ஒராங்குட்டானே கண்ணுல படலாம். கிட்டப் போக சொல்லி படகுக்காரர வற்புறுத்தாதீங்க, பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க.