மாரிக்கு முன் திருத்த வேண்டிய தவறுகள்

கார்த்திகை பிறந்தால் திருகோணமலையில் எல்லோர் கண்ணும் கடல் பக்கம்தான். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் நமக்குச் சற்று வடக்கேதான் கரையேறியது. கடல் சூடேறச் சூடேற, பெய்கிற மழை ஒரேயடியாகக் கொட்டுவதும் கூடுகிறது. மகாவலி பெருகினால் வெருகலிலும் மூதூரிலும் தண்ணீர் ஏறும். இதற்கெல்லாம் ஊரில் ஆயத்தம் செய்யும்போது, மாற்றுத்திறனாளிகள் விடயத்தில் ஒரே தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறோம்.

ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால் ஊருக்கே சொன்னதாக நினைக்கிறோம். காது கேளாதவர் வீட்டுக்கு யார் போவது? அதைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அறிவித்தலைப் படமாக மட்டும் வட்ஸ்அப்பில் போடுவதும் தவறு. பார்வையற்றவரின் போன் எழுத்தைத்தான் ஒழுங்காக வாசித்துச் சொல்லும். அதையே தட்டச்சிலும் போட்டால் போதும்.

இன்னொன்று, "அந்த நேரம் தூக்கிக்கொண்டு போகலாம்" என்ற பேச்சு. ஆளைத் தூக்குவார்கள், சக்கர நாற்காலி வீட்டிலேயே கிடக்கும். அப்புறம் முகாமில் அவர் பாயோடுதான். முகாம் என்பது பெரும்பாலும் பாடசாலை. வாசலில் படிகள், மலசலகூடம் சேற்றைத் தாண்டி மைதானத்தின் மறுகோடியில், கதவும் ஒடுக்கம். ஒவ்வொரு முறையும் யாரையாவது கூப்பிட வேண்டுமே என்று கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள், அதிலும் பெண்கள். முள்ளந்தண்டில் அடிபட்டவருக்கு அதனால் சிறுநீர்த் தொற்று வரலாம். ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் படுக்கைப்புண் வரும். போரில் அப்படி அடிபட்டவர்கள் நம் பக்கத்தில் குறைவில்லை. எனக்கு எல்லாவற்றையும் விட மனசை உறுத்துவது இதுதான்.

மழையை மட்டும் நினைப்பதும் பிழை. கச்சான் காற்றடிக்கும் மாதங்களின் வெக்கையில், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்குக் காயத்துக்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்பு சூடேறிவிடும். தகரக் கூரைக்குக் கீழே பகல் முழுக்க அவரை விட்டுவைக்கக் கூடாது. ஈரத் துணியும் காற்றோட்டமும் வேண்டும்.

கூட்டத்தில் மாற்றுத்திறனாளியைக் கேட்காமல் அவருடைய அண்ணனைக் கேட்பதையும் விட வேண்டும். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயத்தின் 11ஆம் உறுப்புரை, அனர்த்த காலத்தில் இவர்களுடைய பாதுகாப்பை அரசின் கடமை என்கிறது. அதைப் பிரதேச செயலகக் கூட்டத்தில் தயங்காமல் சொல்லுங்கள்.

ஐப்பசியிலேயே ஒரு நாள், சக்கர நாற்காலி பாவிக்கிற ஒருவரோடு அந்தப் பாடசாலைக்குப் போய்வாருங்கள். கையில் ஓர் அளவு நாடா இருக்கட்டும். மலசலகூடக் கதவு 80 சென்ரிமீற்றராவது இல்லையென்றால், மாரி தொடங்குமுன் கிராம சேவகரிடம் எழுதிக் கொடுங்கள்.