ரெஜிஸ்ட்ரி பழுதுபார்ப்புக்குப் பின் திறக்க மறுக்கும் விண்டோஸ் கணினியை மீட்பது

விண்டோஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியைச் சீர்செய்வதாகச் சொல்லும் மென்பொருளை இயக்கிய பின் விண்டோஸ் 10 அல்லது 11 கணினி திறக்க மறுத்தால், உடனே விண்டோஸை மீண்டும் நிறுவ முற்பட வேண்டாம். உங்கள் படங்களும் ஆவணங்களும் பெரும்பாலும் வட்டில் அப்படியே இருக்கும்.

கணினி தொடங்கும்போதே மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால், மீட்புத் திரை தோன்றும். அதன் மேம்பட்ட விருப்பங்களில் சிஸ்டம் ரீஸ்டோரைத் திறந்து, கோளாறுக்கு முந்தைய மீட்புப் புள்ளியை, அதாவது விண்டோஸ் முன்பு சேமித்து வைத்த நிலையை, தேர்ந்தெடுங்கள். இது ரெஜிஸ்ட்ரியையும் கணினிக் கோப்புகளையும் பழைய நிலைக்குத் திருப்புமே தவிர, சொந்தக் கோப்புகளைத் தொடாது. ஆனால் அந்த நாளுக்குப் பின் நிறுவிய மென்பொருள்களும் டிரைவர்களும் புதுப்பிப்புகளும் நீங்கிவிடும். வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படலாம் என்பதால், அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று கைப்பேசியில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்புப் புள்ளி இல்லாதவர்களிடம் விண்டோஸ் முன்பு ரெஜிஸ்ட்ரியின் நகலை வைத்திருந்த ரெக்பேக் (RegBack) கோப்புறையிலிருந்து நகலெடுக்கும்படி பழைய வழிகாட்டிகள் பல சொல்கின்றன. இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும். விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அந்தக் கோப்புறையில் இயல்பாக நகல் சேமிக்கப்படுவதில்லை. அளவு 0 என்று காட்டும் கோப்புகளை அசலின் மேல் எழுதினால், எஞ்சியிருக்கும் ரெஜிஸ்ட்ரியும் போய்விடும்.

அடுத்து, தேவையான அடிப்படைக் கூறுகளோடு மட்டும் விண்டோஸைத் தொடங்கும் பாதுகாப்பு முறையில் (Safe Mode) நுழைந்து பாருங்கள். உள்ளே செல்ல முடிந்தால், அந்த மென்பொருள் எடுத்து வைத்த ரெஜிஸ்ட்ரி நகலை இருமுறை சொடுக்கிச் சேர்க்கலாம். அதுவும் கைகொடுக்காவிட்டால், லினக்ஸ் இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவ் மூலம் கணினியைத் தொடங்கி ஆவணங்களை வெளிவட்டுக்கு நகலெடுத்த பின்னரே, கோப்புகளை வைத்துக்கொண்டு மீட்டமைக்கும் தேர்வுக்குச் செல்லுங்கள்.